சந்தைக்காரி திரும்பும் முச்சந்தி: ‘சீஸர்’ விளையாட்டின் நீண்ட ஆயுள்

‘சீஸர் 3’ என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டில், சந்தைக் கட்டிடத்திலிருந்து கூடையுடன் புறப்படுகின்ற ஒரு பெண், தெரு இரண்டாகப் பிரியும் முச்சந்தியை அடைந்ததும் வலப்பக்கம் திரும்புவாளா, இடப்பக்கம் திரும்புவாளா என்பதை, அந்த நகரத்தையே அடிமுதல் நுனிவரை நிர்மாணித்து ஆளுகின்ற மாகாணாதிபதியாலும் நிர்ணயிக்க இயலாது. அவள் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால், வலப்பக்கத்துத் தெருவின் வீடுகளில் சேமித்து வைத்த கோதுமையும் மண்பாண்டங்களும் நாளடைவில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும், நன்றாக ஓங்கி நின்ற வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தஸ்து இழந்து குடிசைகளாகச் சுருங்கும். சுருங்கிய வீட்டில் இடம் கொள்ளாத குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தெருவில் இறங்கும். அவர்கள் போனதனால் எங்கோ தொலைவிலுள்ள களிமண் குழியிலும் குயவர் பட்டறையிலும் ஆட்பஞ்சம் தோன்றி, மண்பாண்டம் மேலும் அரிதாகி, இடப்பக்கத்துத் தெருவும் அதே கதியை அடையும். ஒரு பெண் ஒரு முனையில் திரும்பிய திசையிலிருந்து ஒரு நகரத்தின் க்ஷீணம் வரை செல்லும் இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணியும் மறைவாக இல்லை; ஒவ்வொன்றையும் திரையில் விரல் வைத்துக் காட்டலாம்.

1998-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கிய இம்ப்ரஷன்ஸ் கேம்ஸ் என்னும் ஸ்தாபனம் 2004-ல் மூடப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் உலகத்தில் கால் நூற்றாண்டு என்பது ஒரு யுகத்துக்குச் சமானம். அக்காலத்தில் பிரமாதமாகக் கொண்டாடப்பட்ட எத்தனையோ விளையாட்டுகள் இன்று பெயரளவில் மட்டுமே நினைக்கப்படுகின்றன. இதுவோ இன்னும் விலைக்கு விற்கப்படுகிறது, இன்னும் ஆடப்படுகிறது, இன்னும் ரசிகர்களால் செப்பனிடப்பட்டும் விரிவாக்கப்பட்டும் வருகிறது. பழைய நினைவின் மீதுள்ள வாஞ்சையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த வாஞ்சை அதே ஆண்டில் வெளிவந்த மற்ற விளையாட்டுகளுக்கும் உரியதுதானே? ரோமாபுரியின் கீர்த்தியே காரணம் என்பாரும் உண்டு. அப்படியானால் ரோமாபுரியைப் பற்றிப் பின்னால் வந்த, இன்னும் அழகிய விளையாட்டுகள் இதைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்க வேண்டும். நிர்வாகம் என்னும் அரூபமான வஸ்துவை இந்த விளையாட்டு, தெருவில் நடந்து செல்லும் மனித உருவமாக்கிக் கண்ணெதிரே நிறுத்தியது. அந்த உருவத்தின் சபலபுத்தியை ஒழித்துவிடாமல், ஆடுபவனே தன் சாமர்த்தியத்தால் அதை வசப்படுத்தட்டும் என்று விட்டுவைத்தது. இதன் நீண்ட ஆயுளுக்கு வேர் இதுவே என்பது என் துணிபு.

இந்த வம்சத்தின் தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகர நிர்மாணத்தையே விளையாட்டாக்க முடியும் என்பதை 1989-ல் வில் ரைட் என்பவர் ‘ஸிம்சிட்டி’ மூலம் உலகத்துக்குக் காட்டினார். அவர் சிந்தனைக்கு உரமிட்டவற்றுள் ஒன்று, நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் சமன்பாடுகளாக்கி ஜே ஃபாரஸ்டர் 1969-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல். இங்கிலாந்தில் டேவிட் லெஸ்டர் தொடங்கி, பிற்பாடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த இம்ப்ரஷன்ஸ், அந்தக் கருத்துக்கு ரோமானிய உடை அணிவித்து 1992-ல் முதல் ‘சீஸரை’ வெளியிட்டது. 1995-ல் வந்த இரண்டாவது ‘சீஸர்’, நகரத்துக்கு ஒரு வரைபடமும் அதைச் சூழ்ந்த மாகாணத்துக்கு வேறொரு வரைபடமுமாக ஆட்சியை இரு கூறாக்கியிருந்தது. மூன்றாவதில் வயலும் சுரங்கமும் துறைமுகமும் அரண்மனையும் ஒரே நிலத்தில் ஒன்றுசேர்ந்தன. கோதுமை விளையும் இடத்திலிருந்து அது உண்ணப்படும் வீடு வரையுள்ள முழுப் பாதையும் ஒரே திரைப்பரப்பில் காணக்கிடைத்தது இந்த ஐக்கியத்தினால்தான். இதே ஸ்தாபனம் அடுத்த ஆண்டே எகிப்தை வைத்து ‘ஃபேரோ’ என்ற விளையாட்டையும், 2000-ல் கிரேக்கத்தை வைத்து ‘ஸீயஸ்’ என்ற விளையாட்டையும் வெளியிட்டது. அவற்றுக்கும் அபிமானிகள் உண்டு. ஆயினும் மூல விக்கிரகமாக ரசிகர்கள் கருதுவது ‘சீஸர் 3’-ஐத்தான் என்று சொன்னால் ‘ஃபேரோ’ பக்தர்கள் மட்டுமே சண்டைக்கு வருவார்கள்.

இனி அந்த நடமாடும் உருவங்களைப் பற்றி. ‘வாக்கர்’ என்றே ரசிகர்கள் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அவற்றில் இரு ஜாதிகள் உண்டு. களஞ்சியத்துக்குத் தானியம் தள்ளிச் செல்லும் வண்டிக்காரனும், களஞ்சியத்திலிருந்து சந்தைக்குச் சரக்கு வாங்கிவரும் பெண்ணும், அவள் பின்னால் சுமை தூக்கி வரிசையாக வரும் சிறுவர்களும் போக வேண்டிய இடம் அறிந்து போகிறவர்கள். தீயணைக்கும் பிரிஃபெக்ட், கட்டிடம் இடிந்து விழாமல் பார்த்துக்கொள்ளும் இஞ்சினீயர், பூசாரி, வைத்தியர், நாவிதர், வரி வசூலிப்பவர், சந்தையிலிருந்து வீடுவீடாக விநியோகிக்கும் மற்றொரு பெண் ஆகிய இவர்களோ குறிப்பிட்ட தூரம் மனம்போன போக்கில் திரிந்துவிட்டு, பிறகு குறுக்கு வழியாகத் தம் இருப்பிடம் திரும்புகிறவர்கள். இவர்கள் ஒரு வீட்டைக் கடந்து சென்றால் அந்த வீட்டுக்கு அந்தச் சேவை கிடைத்ததாகக் கணக்கு. கடந்து செல்லாவிட்டால், வைத்தியசாலை எதிர்வரிசையிலேயே இருந்தாலும் அந்த வீட்டைப் பொறுத்தவரை வைத்தியம் என்பதே கிடையாது. வேலைக்கு ஆள் பிடிப்பதும் இந்த முறையில்தான். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஓர் ஆளை அனுப்பி அக்கம்பக்கத்தில் குடியிருப்பு உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. ஒரு கூடாரத்தைக் கண்டுவிட்டால் போதும், நகரத்தின் மறுகோடியில் உள்ளவர்கள்கூட அங்கே வேலைக்கு வந்துவிடுவார்கள். தர்க்கத்துக்குச் சற்றும் ஒவ்வாத இந்த விதியை அறிந்த ரசிகர்கள், ஆள் நடமாட்டமற்ற பண்ணைகளின் அருகே ஒன்றிரண்டு கூடாரங்களை நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

வீடுகளுக்கு இருபது படிகள் உண்டு. சிறிய கூடாரத்தில் தொடங்கி, குடிசைகளாகி, பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் இன்சுலாவாகி, தோட்டத்தை விழுங்கி விரியும் வில்லாவாகி, இறுதியில் ஆடம்பர அரண்மனையாகிற இந்த ஏற்றத்தில், ஒவ்வொரு படிக்கும் ஒரு புதிய தேவை முளைக்கிறது: கிணற்றுத் தண்ணீர் போதாது, ஊற்று வேண்டும், ஒரு தெய்வம் போதாது, இன்னொரு தெய்வத்தின் பூசாரியும் வர வேண்டும், பிறகு பள்ளிக்கூடம், ஸ்நானசாலை, எண்ணெய், மரச்சாமான், நூலகம், மது, தேரோட்டப் பந்தயம். இந்த ஏணியில் ஒரு விபரீதம் பதுங்கியிருக்கிறது. இன்சுலாவரை குடியிருப்போர் உழைப்பாளிகள். வில்லாவில் நுழைந்த கணத்தில் அவர்கள் பிரபுக்களாகிவிடுகிறார்கள், பிரபுக்கள் வேலை செய்வதில்லை. நகரத்தின் செழுமையைக் காட்டும் அளவுகோல் உயர வேண்டுமென்று ஒரு தெருவைச் செவ்வனே போஷித்து வில்லாக்களாக்கிய அதிபதி, மறுநாளே தன் பண்ணைகளிலும் பட்டறைகளிலும் ஆளில்லாமல் திண்டாடுவதும், அந்தத் திண்டாட்டத்தால் மது நின்று, மது நின்றதால் பிரபுக்கள் மறுபடியும் சாமானியர்களாவதும், முதல் முறை ஆடுபவர் அனைவருக்கும் நேரும் அநுபவம். ஐசுவரியமே ஐசுவரியத்தின் வேரை அறுக்கும் இந்த நிலைமையை விளக்க வசனம் ஏதும் இல்லை. ஆடுபவன் தன் கண்ணால் கண்டு தெளிகிறான்.

வாக்கர்களின் சபலபுத்தியை அடக்குவதற்காக ரசிகர்கள் கண்டுபிடித்த உபாயங்களே ஒரு சாஸ்திரமாக வளர்ந்துவிட்டன. சந்தி இருந்தால்தானே தவறாகத் திரும்புவாள்? ஆகவே சந்தியே இல்லாத தெரு அமைக்கப்பட்டது; சிக்குக்கோலத்தின் இழைபோல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் அந்த ஒற்றைத் தெருவின் இரு மருங்கிலும் வீடுகளும், வீடுகளுக்கு இடையிடையே கோவிலும் சந்தையும் பள்ளியும் பிரிஃபெக்டின் காவல்மனையும் கணக்கிட்டு வைக்கப்பட்டன. வெளியுலகத்தோடு தொடர்பு வேண்டுமே, சரக்கு வர வேண்டுமே என்றால், அதற்கும் வழி கிடைத்தது. கோட்டை மதிலுக்காக உண்டாக்கப்பட்ட வாயிற்கட்டிடத்தைத் தெருவின் குறுக்கே வைத்தால், திரிகின்ற ஜாதியார் அதைத் தாண்டுவதில்லை, இடமறிந்து செல்லும் ஜாதியார் தாராளமாகத் தாண்டுகிறார்கள் என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். பகைவரைத் தடுக்கப் பிறந்த வாயில், சொந்த ஊர்ச் சந்தைக்காரியைத் தடுக்கும் கருவியாயிற்று. ‘பிளாக்’ என்று ரசிகர்கள் பெயரிட்டிருக்கும் இத்தகைய குடியிருப்புத் தொகுதிகளைக் கட்டம்போட்ட காகிதத்தில் வரைந்து, இத்தனை வீடுகள், இத்தனை ஜனங்கள், இன்ன படிவரை உயர்வு என்று அட்டவணையிட்டு, ஒருவர் வரைந்ததை மற்றொருவர் திருத்தி, ஒரு சதுரம் மிச்சப்படுத்தியதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடுவதில் அவர்கள் அடையும் ஆனந்தம், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். செய்யுளின் யாப்பு கவிஞனுக்குக் கொடுக்கும் ஆனந்தமும் ஏறக்குறைய இந்த ஜாதியைச் சேர்ந்ததே: கட்டுப்பாடு இறுக்கமாக இருக்க இருக்க, அதற்குள் சாதித்ததன் சுகம் அதிகம்.

இந்த விளையாட்டைச் சரித்திரத்தோடு ஒப்பிட விரும்புவோர் வழக்கமாகக் கட்டிடங்களையும் உடைகளையும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, மாகாணாதிபதியின் அன்றாடக் கவலைகள். கி.பி. 110 வாக்கில் டிராஜன் சக்கரவர்த்தியின் பிரதிநிதியாக, இன்றைய துருக்கியின் வடமேற்கில் அமைந்த பித்தினியா-பொன்டஸ் மாகாணத்தை ஆளச் சென்ற இளைய பிளினி, சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்த மறுமொழிகளும் அதிர்ஷ்டவசமாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. நிக்கோமீடியா நகரத்தார் ஒரு தொட்டிப்பாலத்துக்கு 33,18,000 செஸ்டர்ஸ்கள் செலவழித்து, அதை முடிக்காமலே கைவிட்டு இடித்தும்விட்டார்கள். வேறொன்றுக்கு மேலும் 2,00,000 கொடுத்து அதையும் கைவிட்டார்கள். இவ்வளவு பணத்தை நாசமாக்கிய அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்க மீண்டும் செலவிட்டாக வேண்டும் என்று ஒரு கடிதத்தில் முறையிடுகிறார். நைசியா நகரத்து நாடக அரங்கம் ஒரு கோடி செஸ்டர்ஸ்களுக்கு மேல் விழுங்கியும் முடிவடையாமல், ஈரமண்ணில் அமிழ்ந்து வெடித்து நிற்கிறது என்று இன்னொரு கடிதம். ‘சீஸர் 3’ ஆடியவர் எவரும் இக்கடிதங்களைப் படிக்கும்போது, இதெல்லாம் தாமும் பட்டதுதான் என்று புன்னகை செய்யாதிருக்க முடியாது. தொட்டிப்பாலத்தைப் பாதி கட்டிக் கஜானா தீர்ந்து, 5,000 டெனாரியஸ் கடனை எட்டி நின்று, சீஸரின் கோபத்துக்கு அஞ்சி நாளை எண்ணியவர்தாமே அவர்கள்!

தீயைப் பற்றிய கடிதம் இன்னும் ரசமானது. நிக்கோமீடியாவில் பெருந்தீ பரவியபோது ஜனங்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்றும், ஊரில் ஒரு வாளியோ நீர் இறைக்கும் கருவியோ இல்லை என்றும் தெரிவித்த பிளினி, 150 பேருக்கு மேற்படாத ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க உத்தரவு கேட்கிறார். டிராஜன் மறுத்துவிடுகிறார். எந்தப் பெயரில் எந்த நோக்கத்துக்காகக் கூட்டினாலும் இத்தகைய சங்கங்கள் அந்த மாகாணத்தில் வெகு சீக்கிரம் அரசியல் கட்சிகளாகிவிடும். ஆகவே கருவிகளை மட்டும் சேகரித்து வைத்து, வீட்டுச் சொந்தக்காரர்களையும் கூடும் கூட்டத்தையும் கொண்டே அணைக்க வேண்டியது என்பது அவர் தீர்ப்பு. தலைநகரத்தின் கதை வேறு. அகஸ்டஸ் கி.பி. 6-லேயே ரோமாபுரியின் 14 பகுதிகளுக்கு ஏழு படைப்பிரிவுகளாக ‘விஜிலிஸ்’ என்னும் இரவுக் காவலர்களை நியமித்து, தீயணைப்பையும் திருட்டுத் தடுப்பையும் அவர்களிடம் ஒப்படைத்திருந்தார். அவர்களுடைய தலைவருக்குப் பிரிஃபெக்ட் என்பது பதவிப் பெயர். அத்தனை ஏற்பாடுகளையும் மீறிக் கி.பி. 64-ல் நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று என்பதும் நாம் அறிந்ததே. விளையாட்டில் நாலு சந்திக்கு ஒரு பிரிஃபெக்டை நிறுத்துகிற நாம், ஒரு நிமிஷத்தில் சொடுக்கிப் பெறுகிற அந்த வாளிக்காரனை, உண்மையான மாகாணாதிபதி ஒருவர் சக்கரவர்த்தியிடம் கெஞ்சியும் பெறவில்லை. அதிகாரம் குறைவு, பொறுப்பு அதிகம், மேலே சந்தேகப் பேர்வழியான எஜமானர்: இந்த மூன்றையும் விளையாட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது. அங்கும் சீஸர் திடீரென்று தூதனுப்பி, இத்தனை வண்டி மரச்சாமான் இத்தனை மாதத்துக்குள் வேண்டும் என்று கேட்பார். அனுப்பினால் தயவு, தவறினால் தயவு இறக்கம், அடியோடு இறங்கினால் ரோமாபுரிப் படையே எல்லையில் வந்து நிற்கும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்த விளையாட்டு மறைத்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. அதன் ரோமாபுரியில் அடிமைகளே கிடையாது. சுரங்கத்தில் இறங்குகிறவனும் பளிங்கு வெட்டுகிறவனும் எண்ணெய் ஆட்டுகிறவனும் கூலிக்கு உழைக்கும் சுதந்திரப் பிரஜைகள். கூலியை ரோமாபுரியின் விகிதத்துக்குக் கீழே குறைத்தால் ஊர் முணுமுணுக்கும், மேலே உயர்த்தினால் மகிழும். அடிமைச் சந்தைகளின் மேல் எழுந்த ஒரு சாம்ராஜ்யத்தை, சம்பளப் பட்டியலும் சதவீத வரியும் வேலையில்லாத் திண்டாட்டக் கணக்கும் உள்ள, டோகா அணிந்த இருபதாம் நூற்றாண்டு முனிசிபாலிட்டியாக மாற்றிய காரியம் இது. தயாரித்தவர்களை இதற்காகக் கண்டிப்பது எளிது. அடிமைகளையும் அங்காடிப் பொருளாக்கி, விலைபேசி வாங்க வைத்திருந்தால் அதைச் சகித்திருப்போமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் சரித்திரத்தை இதில் கற்றுக்கொண்டதாக நினைக்கும் இளைஞன், நிர்வாகத்தின் கஷ்டத்தைக் கற்றான், சமூகத்தின் கொடுமையைக் கற்கவில்லை என்பதை யாராவது அவனுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

மற்றொரு பேதம் ரசிகர்களே உண்டாக்குவது. கணக்குப் பார்த்துக் கட்டிய ‘பிளாக்’ நகரம், ரோமாபுரியைப்போல் இருப்பதில்லை. தலைநகரம் எவர் திட்டத்துக்கும் அடங்காமல் ஏழு குன்றுகளின் மேல் தாறுமாறாக வளர்ந்தது. அகஸ்டஸ் தனியார் கட்டிடங்களின் உயரத்தை 70 ரோமானிய அடிக்கு மேற்படக் கூடாதென்று கட்டளையிட்டதும், டிராஜன் அதை 60 ஆகக் குறைத்ததும், அங்கே எவ்வளவு கட்டுக்கடங்காத நெருக்கம் இருந்தது என்பதற்கே சாட்சிகள். நேர்கோட்டுத் தெருக்களைக் காண வேண்டுமானால் டிராஜன் கி.பி. 100-ல் வட ஆப்பிரிக்காவில் நிறுவிய டிம்காட் போன்ற குடியேற்ற நகரங்களுக்குப் போக வேண்டும். அந்த டிம்காடும் பிற்பாடு தன் சதுரக் கட்டத்தை மீறி வெளியே கோணல்மாணலாகப் பெருகிவிட்டது. ஆகவே ரசிகர்களுள் இரண்டு மரபுகள் தோன்றியிருக்கின்றன. ஒரு சாரார், ஒரு வீடும் ஒரு படி கூட இறங்காத நிச்சலனமான யந்திரத்தைக் கட்டுகிறார்கள். மறு சாரார், கொலோசியத்தை நடுவில் வைத்து, நதிக்கரையோரம் வளைந்து செல்லும் தெருக்களும், சிலைகளும் தோட்டங்களும், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் இன்சுலாக்களுமாக, கண்ணுக்கு விருந்தான நகரத்தைக் கட்டி, அதன் அழகுக்காக ஓரளவு பஞ்சத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். என் அநுதாபம் பின்னவர் பக்கம். ஆனால் என் நகரங்கள் நெருக்கடி வரும்போதெல்லாம் முன்னவரின் சதுரங்களைத்தான் இரவல் வாங்கியிருக்கின்றன.

அந்த ஜனங்கள் பேசுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் போகிற எவரையும் சொடுக்கினால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். பஞ்சமிருந்தால் பசியைப் பற்றி, வேலையில்லாவிட்டால் வேலையைப் பற்றி, கோவில்கள் குறைந்திருந்தால் தெய்வங்களின் சினத்தைப் பற்றி. செரீஸ், நெப்டியூன், மெர்க்குரி, மார்ஸ், வீனஸ் என்ற ஐவருக்கும் சமமாகத் திருவிழா நடத்தாவிட்டால் கப்பல் மூழ்குவதும் கிடங்கு காலியாவதும் பிற்பாடு நிகழும். முன்னெச்சரிக்கை தெருவிலேயே கிடைத்துவிடும். ஆலோசகர்களின் புள்ளிவிவரப் பக்கங்கள் தனியே இருக்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அவற்றைத் திறப்பதற்குமுன் இரண்டு பேரைத் தெருவில் விசாரிக்கிறார்கள். பிரஜையின் வாயால் ராஜ்யத்தின் நிலையறிவது பழைய ராஜநீதி. அதை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இவ்வளவு அநாயாசமாகச் செய்துகாட்டியது.

பின்வந்தவர்கள் இதை விஞ்ச முயலாமல் இல்லை. 2006 ஒரே ஆண்டில் மூன்று ரோமானிய நகர விளையாட்டுகள் வெளிவந்தன: இம்ப்ரஷன்ஸின் பழைய ஆட்கள் பலர் சேர்ந்து அமைத்த டில்டட் மில் நிறுவனத்தின் ‘சீஸர் 4’, முதல் ‘சீஸரின்’ கர்த்தாக்களுள் ஒருவரான சைமன் பிராட்பரி இணைந்து தொடங்கிய ஃபயர்ஃபிளையின் ‘சிவ்சிட்டி: ரோம்’, பல்கேரியாவின் ஹேமிமான்ட் கேம்ஸ் தயாரித்த ‘குளோரி ஆஃப் தி ரோமன் எம்பயர்’. மூன்றும் முப்பரிமாணத்தில் சுழன்றன. நிழலும் நீரலையும் மின்னின. ஆனால் சுழலும் உலகத்தில் கட்டிடம் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருந்தது; பழைய விளையாட்டிலோ, சாய்கோணத்தில் அசையாது நின்ற அந்தச் சதுரங்க நிலத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு நிறம். அழகு கூடியபோது தெளிவு குறைந்தது. காரணகாரியத் தொடர் புலப்படாத இடத்தில் தோல்வி வெறும் துரதிருஷ்டமாகிவிடுகிறது. தன் தவறு இன்னதென்று அறியாமல் தோற்பதில் ரசமென்ன இருக்கிறது? 2021-ல் பண்டைய மெசபொத்தேமியாவை வைத்து வெளிவந்த ‘நெபுகாத்நேசர்’, இதனை உணர்ந்தே அந்தப் பழைய சாய்கோணத்துக்குத் திரும்பியது; 2023-ல் ‘ஃபேரோ’வும் புதிய சித்திரங்களுடன் மறுபிறவி எடுத்தது.

ஆனால் மூலத்தையே காப்பாற்றிய பெருமை ரசிகர்களுக்கு உரியது. ‘ஜூலியஸ்’ என்று பெயரிடப்பட்ட முயற்சி, விளையாட்டின் உள்ளியக்கத்தை ஆதியோடந்தமாகப் புதிதாக எழுதி, அதன் மூல நிரலை எல்லோரும் வாசிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. சித்திரங்களுக்கும் ஒலிகளுக்கும் மட்டும், விலைகொடுத்து வாங்கிய பழைய பிரதி தேவை. அகலமான இன்றைய திரைகளில் அது நன்றாக விரிகிறது. வின்டோஸ் அல்லாத கம்ப்யூட்டர்களிலும் கைப்பேசியிலும் ஓடுகிறது. அதை எழுதியவர்கள் மேற்கொண்ட விரதம் ஒன்று கவனிக்கத்தக்கது: வாக்கர் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது உட்பட, பழைய விதிகள் யாவும் அப்படியே இருக்க வேண்டும், பழைய விளையாட்டில் சேமித்த நகரத்தைப் புதியதில் திறக்கவும் புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்கவும் முடிய வேண்டும். இந்த விரதத்தின் காரணமாகப் பழைய பிழைகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஏட்டுப்பிரதியில் கண்ட பாடத்தை, பிழையெனத் தோன்றினும் திருத்தாமல் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரின் நியமம் இது.

இந்த நியமம் பிடிக்காதவர்கள் அதிலிருந்து கிளைத்து ‘அகஸ்டஸ்’ என்னும் இன்னொன்றை உண்டாக்கினார்கள். ஜூலியஸ் சீஸரின் சுவீகார புத்திரன் தகப்பனாரின் பெயரை வைத்துக்கொண்டு ராஜ்யத்தையே மாற்றியமைத்ததைப்போல, இதுவும் பழைய பெயரின் நிழலில் தாராளமாகச் சீர்திருத்தம் செய்கிறது. மூலத்தில் 2,000 கட்டிடங்களுக்கும் 1,000 உருவங்களுக்கும் மேல் இடமில்லாதிருந்த எல்லை இதில் தகர்க்கப்பட்டது. பெருங்கோவில்களும் கலங்கரை விளக்கமும் சேர்ந்தன. கோட்டை வாயிலைத் தெருவில் வைத்து ஏமாற்றிய காலம் போய், வாக்கர்களைத் தடுப்பதற்கென்றே ஒரு தடுப்பு வந்துவிட்டது. ஆள் தேடும் தொல்லை வேண்டாமென்றால் அதையும் நீக்கிவைக்கலாம். இவற்றால் விளையாட்டு வசதியாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ரசிகர்களிடையே இன்றும் தீராத விவாதம் இதுதான்: தடுப்பு வைத்துச் சந்தைக்காரியை நெறிப்படுத்துவது நகர நிர்மாணத்தின் நியாயமான அங்கமா, அல்லது ஆட்டத்தின் ஜீவனையே கழுத்தை நெரிப்பதா? இத்தனை சீர்திருத்தம் செய்தவர்களும் அவளை அடியோடு நீக்கி, ‘சந்தையிலிருந்து இத்தனை சதுரத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் உணவு கிட்டும்’ என்று ஒரு வட்டம் வரைந்துவிடவில்லை. அப்படிச் செய்வது கணிதப்படி மிக எளிது, நாளைக்கே செய்துவிடலாம். செய்திருந்தால் பசித்த வீட்டின் முன்னே வராத ஒருத்தி இருக்கமாட்டாள். அவள் ஏன் வரவில்லை என்று தெருத்தெருவாகத் தேடிச் செல்லவும் யாருக்கும் அவசியம் ஏற்படாது.

ரோமானியக் குடியரசின் வழக்கத்திலும், பின்னர் செனட்டின் பொறுப்பில் இருந்த மாகாணங்களிலும், அதிபதியின் பதவிக்காலம் பெரும்பாலும் ஓராண்டுதான். ஊரின் தெருப் பெயர்கள் மனத்தில் பதிவதற்குள் அவன் திரும்பிப் போயிருப்பான். விளையாட்டின் அதிபதியோ ஒரு நகரத்தில் பத்து இருபது ஆண்டுகள்கூட இருக்கிறான். ஜனத்தொகையும் பண்பாடும் செழுமையும் அமைதியும் சீஸரின் தயவும் வேண்டிய அளவை எட்டியதும், வெற்றிச் செய்தியோடு ஒரு கேள்வி தோன்றும்: பதவி உயர்வை ஏற்று அடுத்த மாகாணத்துக்குப் போகிறீரா, அல்லது இன்னும் இரண்டு ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ இங்கேயே ஆள்கிறீரா? ஜெயித்த பிறகு ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு இரண்டாவது வாய்ப்பு அர்த்தமற்றதாகத் தோன்றும். ஆனால் வடக்குத் தெருவின் கடைசி நான்கு வீடுகளுக்கு நாவிதர் இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதை அறிந்தவர், ஐந்து ஆண்டுகள் என்பதையே சொடுக்குகிறார்.